ஒரே ஒரு நேயருக்கான செய்தி

உங்கள் அத்தை போடும் காபியில் சர்க்கரை எப்போதும் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும், கிளெமென்ட். நான் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. பெரியவர்கள் ஆசையாகக் கொடுப்பதை முகம் சுளிக்காமல் குடிக்க வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். சமஸ்தானக் காலத்திலேயே பெங்களூருக்கு வந்து அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பம் எங்களுடையது. மரியாதை என்பது எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் கை கழுவுகிற மாதிரி.

அத்தையின் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டீர்கள். "சொந்த அண்ணன் புள்ள எனக்கே தொறக்காத கதவு சார். உங்களுக்கு மட்டும் எப்படி தொறந்தாங்கோ?" அதற்குள் பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். நியாயமான கேள்வி அது. பதில் சொல்லாமல் போவது அழகல்ல என்பதால் எழுதுகிறேன். படித்து முடித்ததும் இதை நீங்கள் போலீசில் கொடுத்தாலும் எனக்கு வருத்தமில்லை.

முதலில் ஒரு திருத்தம். என் பெயர் வெங்கடகிருஷ்ணன் என்று சொன்னது நிஜம். கேபிள் ஆபீஸ் மேனேஜர் என்று சொன்னது பொய். நான் ஒரு கன்னடச் செய்திச் சேனலின் செய்தி ஆசிரியர். உங்கள் அத்தை, என் பவுலின் ஆன்ட்டி, தினமும் எட்டு மணிக்குப் பார்த்தது எங்கள் சேனலைத்தான்.

ஆன்ட்டி வீட்டு டிவி பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருந்ததே, ஞாபகமிருக்கிறதா? எந்தச் சேனல் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கணக்கெடுக்கிற பெட்டி அது. ஊரில் ஏதோ சில வீடுகளில்தான் அதை வைப்பார்கள். எந்த வீடு என்பது சேனல்காரர்களுக்குத் தெரியவே கூடாது. ஏனென்றால் ஒரு பெட்டி ஆயிரக்கணக்கான வீடுகளுக்காகப் பேசும். பெட்டி பொருத்தும் விக்கி எனக்குக் கொஞ்சம் கடமைப்பட்டவன். விவேக் நகரில், பப்ஸ் போடும் கடைக்கு மேல்மாடி என்று அவன்தான் அடையாளம் சொன்னான்.

அந்தப் பெட்டிக்கென்று தனியாக ஒரு ரிமோட் உண்டு. வீட்டில் ஆளுக்கொரு பொத்தான். டிவி முன்னால் உட்காரும்போது அவரவர் பொத்தானை அமுக்க வேண்டும். ஒன்று ஆன்ட்டிக்கு, இரண்டு உங்கள் மாமா யூஜினுக்கு. மாமா காலமான பிறகும் ஆன்ட்டி இரண்டையும் சேர்த்தே அமுக்கிக்கொண்டிருந்தார்.

"அவரு எட்டு மணி நியூஸ உடவே மாட்டாரு வெங்கட்டு. நான் மட்டும் பாத்தேன்னு வச்சுக்கோ, கோச்சுக்குவாரு" என்றார்.

விதிப்படி அது தப்பு. ஆனால் எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. நான் திருத்தவில்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது செய்தி வாசிக்கிறவனாக. பின்னால் நீலத் திரை, முன்னால் ஒரு மேஜை, கையில் காகிதம். சந்தானம் என்று ஒரு ஆசிரியர் இருந்தார். ஒரு ரயில் விபத்துச் செய்தியை வாசிக்கும்போது என் புருவம் லேசாக ஏறிவிட்டது என்பதற்காக என்னைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். "செத்தவன் உன் சொந்தக்காரனா? உன் துக்கம் யாருக்கு வேணும்? உறுதியான தகவலைச் சொல்லு, எழுந்து போ" என்றார். உறுதி செய்யாத செய்தியை அவர் வாசலிலேயே நிறுத்திவிடுவார். நல்ல மனிதர். அவர் நடத்திய சேனலை மூடி ரொம்ப நாளாகிறது.

இப்போது உள்ளதை நீங்களே பார்க்கிறீர்கள். திரையில் எட்டுக் கட்டம், எட்டுக் கட்டத்திலும் எட்டுப் பேர் கத்துகிறார்கள், கீழே சிவப்புப் பட்டை ஓடுகிறது, நடுவில் உடுக்கைச் சத்தம். நாங்களும் எல்லாம் செய்து பார்த்தோம். செய்தியாளனைச் சாக்கடையில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கவைத்தோம். வாசிப்பவரின் மேஜையை எடுத்துவிட்டு நடந்துகொண்டே பேச வைத்தோம். ஒன்றும் நடக்கவில்லை, ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். சேனலை யாருக்கோ விற்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. கேமராமேன்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையைப் பிசைந்தார்கள். எல்லோரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். அவர்களுக்காகத்தான் நான் உங்கள் அத்தை வீட்டுப் படியேறினேன்.

கெட்ட எண்ணத்தோடு போகவில்லை. ஒரு நேயர் செய்தி பார்க்கும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இத்தனை வருட சர்வீஸில் நான் அதைச் செய்ததே இல்லை. "சிக்னல் சரியா வருதான்னு செக் பண்ணணும் ஆன்ட்டி" என்றேன். அவருக்குப் பேச்சுத் துணை கிடைத்த சந்தோஷம். வாராவாரம் போனேன். அரசியல் வந்தால் எழுந்துபோய்ப் பருப்பு வெந்ததா என்று பார்ப்பார். கிரிக்கெட் வந்தால் மாதாவின் படத்துக்குப் பூ மாற்றுவார். சினிமாக்காரர்கள் வந்தால் சீரியலுக்கு மாற்றிவிடுவார்.

ஒருநாள் தனியாக இருந்த ஒரு மூதாட்டியின் வீட்டில் திருடன் புகுந்த செய்தி ஓடியது. சின்னச் செய்தி, அவருக்கு அடிகூடப் படவில்லை. ஆன்ட்டி எழுந்திருக்கவில்லை. கையில் இருந்த காபி ஆறி ஏடு கட்டிவிட்டது. நாற்காலிக் கையை அவர் பிடித்திருந்த பிடியில் விரல் வெளுத்திருந்தது. விளம்பரம் வந்தபோதும் சேனலை மாற்றவில்லை. மெதுவாக எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார்.

எனக்கு அப்போது ஏற்பட்ட நிம்மதியை எப்படிச் சொல்வது? பயந்தவர் எழுந்து போகமாட்டார். இந்த ஒரு விஷயத்துக்காகவா இத்தனை வருடம் மண்டையை உடைத்துக்கொண்டோம் என்று தோன்றியது.

அடுத்த வாரமே நிகழ்ச்சியைத் தொடங்கிவிட்டேன். 'பாகிலு தெகீபேடி' என்று பெயர். கதவைத் திறக்காதீர்கள் என்று அர்த்தம், உங்களுக்குத் தெரியாததா. வாசிப்பவர் ஸ்ரீஹர்ஷாவிடம், "ஊருக்குப் பேசாதே. ஒரே ஒரு அம்மாவிடம் பேசு. தனியாக இருக்கிறாள், மாடி வீடு, காதில் பழைய தோடு. அவளிடம் கேள், கதவைப் பூட்டினாயா என்று" எனச் சொன்னேன். அவனும் கேமராவுக்குள் எட்டிப் பார்ப்பதுபோலக் கேட்டான். கேட்டு முடித்ததும் விளம்பர இடைவேளை. ஆன்ட்டி தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நான் பார்த்து வைத்திருந்தேன். இடைவேளையை அந்த அளவுக்கு வெட்டினேன். ஊரில் லட்சம் பேர் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தார்கள். எடிட்டிங் மேஜையில் என் மனதில் இருந்தது ஒரே ஒருவர்தான். எந்த நேயரையும் எந்தச் சேனலும் அவ்வளவு அக்கறையோடு கவனித்திருக்காது.

ரேட்டிங் ஏறியது. விற்கிற பேச்சு நின்றது.

ஆன்ட்டிதான் கொஞ்சம் மாறிப்போனார். வியாழக்கிழமை தவறாமல் குழந்தை இயேசு கோவிலுக்குப் போகிறவர், வீட்டிலேயே ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார். பால்காரன் பால் பாக்கெட்டை வைக்க, மாடியிலிருந்து கயிறு கட்டிக் கூடையை இறக்க ஆரம்பித்தார். கீழ்வீட்டு லட்சுமம்மா ஒருநாள் குழம்பு கொண்டுவந்தபோது, ஜன்னல் வழியாகவே வாங்கிக்கொண்டார். "ஒரு தாப்பா பத்தாது வெங்கட்டு, பேஜாரா இருக்கு, தூக்கமே வரல" என்றார். சிவாஜிநகரில் கடைகடையாக ஏறி இறங்கி, நல்ல கனமான இரும்புத் தாழ்ப்பாள் இரண்டும் ஜன்னலுக்குக் கம்பிக் கதவும் நானே வாங்கிவந்து பொருத்திக் கொடுத்தேன். தீயணைப்புக்காரர்களால் அதைச் சீக்கிரம் வெட்ட முடியவில்லை என்று அன்று நீங்கள் அழுதுகொண்டே சொன்னீர்கள். மட்டமான சரக்கு வாங்கும் பழக்கம் எனக்கில்லை.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். "எங்கூட பிரேசர் டவுனுக்கு வந்துடுங்கத்தே, தனியா எதுக்கு கஷ்டப்படறீங்கோ?" என்று நீங்கள் வந்து கூப்பிட்டதை ஆன்ட்டி என்னிடம் சொன்னார். போகலாமா என்று யோசிக்கிறேன் என்றும் சொன்னார். முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு. நீங்கள் நல்ல பிள்ளை, சந்தேகமில்லை. ஆனால் அவர் போய்விட்டால் அந்த வீட்டுப் பெட்டியைக் கழற்றிவிடுவார்கள். அந்த வாரம் முழுக்க, வீட்டுக்காகச் சொந்த அத்தையையும் சித்தியையும் தீர்த்துக்கட்டிய பிள்ளைகளைப் பற்றி நிகழ்ச்சி செய்தோம். பெரும்பாலும் பழைய வழக்குகள். சிலதில் பெயர் ஊர் இல்லை, அதனால் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கேக் டப்பாவோடு வந்து வாசலில் நின்றீர்கள். ஆன்ட்டி உள்ளேயிருந்து, "நீ போயிடு கிளெமென்ட், எனக்கு ஒடம்பு சரியில்ல" என்றார். அப்போது நான் உள்ளேதான் இருந்தேன். நீங்கள் படியிறங்கிப் போகிற சத்தம் கேட்கிறவரை அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். எனக்குக் கதவு திறந்தது, ஏனென்றால் நான் ஒருவன்தான் எங்கள் செய்தியில் வராதவன்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எட்டு மணி நிகழ்ச்சியில், சிலிண்டர் கசிகிறது என்று பொய் சொல்லிக் கதவைத் தட்டும் திருடர்களைப் பற்றிய பகுதி. எங்கோ ஒரு தடவை அப்படி நடந்தது, நாங்கள் அதை வாரக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தோம். நான் கண்ட்ரோல் ரூமில் இருந்தேன். கைபேசி அடித்தது. ஆன்ட்டி.

"வெங்கட்டு, யாரோ கதவ இடிக்கறாங்கோ. கீழ பப்ஸு கடைல கேஸு லீக்காம், எல்லாரும் எறங்குங்கன்றாங்கோ. எனக்கும் வாசன வர்ற மாதிரிதான் கீது. ஆனா நம்ம டிவில இப்பத்தான் அதே சொல்றான். தொறக்கவா, வேணாவா?"

அவர் குரலுக்குப் பின்னால் ஸ்ரீஹர்ஷாவின் குரல் கேட்டது. என் முன்னால் இருந்த திரையில் அவன் பேசி முடித்த வாக்கியம், போனில் கொஞ்சம் தாமதமாக வந்தது. அதற்கும் பின்னால் ஒரு பெண், "பவுலினக்கா, பாகிலு தெகீரக்கா" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

"திறக்காதீங்க ஆன்ட்டி. நான் ஆள் அனுப்பறேன். நீங்க உட்கார்ந்து நியூஸ் பாருங்க" என்றேன்.

"சரிப்பா. நீ சொன்னா சரி" என்றார்.

நானும் திருடன் என்றே நம்பிவிட்டேன் என்று நீங்கள் பெருந்தன்மையாக நினைத்துக்கொள்ளலாம். அப்படி இல்லை. அந்தக் குரல் லட்சுமம்மாவுடையது என்று எனக்குத் தெரியும், அவர் குழம்பை நானும் சாப்பிட்டிருக்கிறேன். அதுமட்டுமில்லை. ஆன்ட்டி கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே எங்கள் நிருபர் தகவல் சொல்லிவிட்டார். விவேக் நகரில் கேஸ் கசிவு, ஜனங்களை வெளியேற்றுகிறார்கள், வேன் அனுப்பலாமா என்று கேட்டார். அனுப்பச் சொன்னது நான்தான். நான் அனுப்பிய ஆள் என்றால் அந்த வேனில் போன கேமராமேன்தான்.

வேன் போய்ச் சேர்ந்தது. சந்து, கூட்டம், மாடிப்படி, படிக்கு மேலே ஜன்னலில் நான் வாங்கித்தந்த கம்பிக் கதவு, எல்லாம் என் திரையில் தெரிந்தன. "சார், லைவ் போகலாமா?" என்று விளம்பர இடைவேளையில் ஸ்ரீஹர்ஷா கேட்டான். போயிருந்தால் ஆன்ட்டி தன் வீட்டுக் கதவைத் தன் டிவியிலேயே பார்த்திருப்பார். லட்சுமம்மா சொல்லி நம்பாததை ஸ்ரீஹர்ஷா சொன்னால் நம்பியிருப்பார். மூன்று தாழ்ப்பாளையும் எடுத்துவிட்டு ஜெபமாலையோடு இறங்கி வந்திருப்பார். ஒரு மூதாட்டி படியிறங்கி வருவது செய்தியா, கிளெமென்ட்?

"பொறு. இன்னும் உறுதியாகவில்லை" என்றேன். சந்தானம் சார் கற்றுக்கொடுத்தது. அவர் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

கீழே வெடித்துத் தீ மாடிப்படியைப் பிடித்த பிறகுதான் லைவ் கொடுத்தேன். வேறு எந்தச் சேனலும் அப்போது அங்கே இல்லை.

அத்தை கடைசி நேரத்தில் தனியாகத் தவித்திருப்பாரே என்று அன்று நீங்கள் சொல்லிச் சொல்லி அழுதீர்கள். அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம். பெட்டி எரிவதற்கு முன் அனுப்பிய கணக்கை விக்கி பார்த்துச் சொன்னான். அன்று எட்டு மணியிலிருந்து கடைசி வரை அந்த வீட்டில் இரண்டு பேர் எங்கள் செய்தியைப் பார்த்திருக்கிறார்கள். நடுவில் ஒரு தடவைகூடச் சேனலை மாற்றவில்லை.