மூணு காலுக் கோழி

அட, கும்பலும் இல்ல, கூட்டமும் இல்லீங்க இன்ஸ்பெக்டர் சார். அந்த மூணு காலுக் கோழி நம்மளுதுங்க. ஆமாங்க, நானேதான் போடறது. வாளையார்ல லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற மாரப்பன்னா செக்போஸ்ட்ல யாரும் சொல்லுவாங்க.

சிரிக்காமக் கேளுங்க. எம்பொண்ணு ஆனந்தி, இப்ப இங்க பக்கத்துல சித்தூர் காலேஜ்ல படிக்கிறா, அஞ்சு வயசுல ஈரம் காயாத லாரிக் கதவுல விரலை வெச்சு ஒரு கோழி வரைஞ்சுட்டா. காலு மூணு. அழிக்கலாம்னு துணியை எடுத்தேன், மனசு வரலீங்க. லாரிக்காரரும் இருக்கட்டும்னுட்டார். அன்னையிலிருந்து எந்த வண்டி முடிச்சாலும் மூலையில அந்தக் கோழிதான் என்ற கையெழுத்து.

எத்தனை வண்டியில பார்த்தீங்க? பதினேழா? பத்தாதுங்க சார், முந்நூறு இருக்கும். வாசல்ல நிக்குதே உங்க ஜீப்பு, போன வருசம் அதுல எழுத்து எழுதுனது யாருன்னு நெனைக்கிறீங்க? பின்கதவுல கீல் ஓரமாக் குனிஞ்சு பாருங்க. போயிட்டு வாங்க, இருக்கறேன்.

பார்த்தீங்களா? அப்ப உங்களையுமில்ல உள்ள வெக்கோணும்!

சரிங்க, நேத்து நீங்க புடிச்சு உக்கார வெச்சிருக்கற அந்த எலப்புள்ளிப் பையன் லோகேஷ் விசயத்துக்கு வாரேன். கையில அதே குறி பச்சை குத்தியிருக்கான், யாரு கூட்டம்னு கேட்டா வாயே தொறக்கமாட்டேங்கறான், இப்படித்தான் கும்பலைக் கண்டுபிடிக்கறதுங்கறீங்க. உங்க படிப்பைக் குத்தம் சொல்லலீங்க. ஆனா அவனுக்கு லாரியும் இல்ல, எனக்கு அவனைத் தெரியவும் தெரியாது.

பின்ன ஏன் வந்தேன்னா கேக்கறீங்க? காத்தால ஆனந்தி சோறு உங்காம அழுதுட்டு, ஸ்டேஷனுக்குப் போய்க் கோழி நம்மளுதுன்னு சொல்லுங்கப்பான்னு ஒரே பிடிவாதம். எவனோ ஒருத்தனுக்கு அம்மிணி ஏன் அழுவுதுன்னு பஸ்ஸுல வாரப்ப எல்லாம் யோசிச்சனுங்க. இப்ப அவன் கையைக் கிட்டப் பார்த்தப்புறந்தான் வெளங்குச்சு.

நான் போடற கோழிக்குக் கம்மல் கிடையாதுங்க. அவன் கையில இருக்கறது ஜிமிக்கி போட்டிருக்குது. அப்படி ஆனந்தி மட்டும்தான் வரைவா, அதும் அவ நோட்டுக்குள்ள.

என்னைப் பார்த்ததும் பையன் தலையைத் தொங்கப் போட்டான், கவனிச்சீங்களா? ஆனா ஒண்ணுங்க, நேத்திருந்து இத்தனை கேட்டும் எம்பொண்ணு பேரை எடுக்கல. அது எனக்குப் புடிச்சிருக்குதுங்க.

எங்க கையெழுத்துப் போடோணும்? அவனை விட்டுடுங்க சார். நீங்க விசாரிச்சது போதும், இனி நான் விசாரிச்சுக்கறேன்.