மங்காத சிவப்பு

வெயிலுக்கு முதலில் தோற்பது சிவப்புதான், ஐயா. இது தெரியாதவர்கள்தான் சுவரொட்டி வரைகிறவனைக் குறை சொல்வார்கள்.

அரசாங்க அச்சகத்தில் நான் தலைமை ஓவியன். அண்டை நாட்டுச் சரக்கை வாங்காதே என்று சனங்களுக்குச் சொல்வது என் பிரிவின் வேலை. அந்த நாட்டை ஒரு சிவப்பு முதலையாக வரைந்தேன். நம் கடைத்தெருவையே விழுங்க வாயைப் பிளந்து நிற்கும். உள்ளூர் மையில் அச்சடித்து ஒட்டினோம். மாதம் திரும்பவில்லை, முதலை ரோஸ் நிறமாகிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். "பயமுறுத்தச் சொன்னா கொஞ்ச வச்சிருக்கியேய்யா" என்றார் மேலதிகாரி. வேலை போய்விடும் போலிருந்தது.

வெளுக்காத சிவப்பு அந்த நாட்டில்தான் கிடைக்கும். என் தங்கை வீட்டுக்காரர் எல்லைச் சாவடிவரை லாரி ஓட்டுபவர். அவரிடம் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அவன் சாமானை வாங்காதேன்னு சொல்ல அவன் சாமானே வேணுமா, மச்சான்?" ஆனாலும் கொண்டுவந்தார், ஸ்டெப்னி டயருக்கு அடியில் ஒளித்து, டின் டின்னாக. தங்கமான மனிதர். முதலைக்கு உயிர் வந்தது, எனக்குப் பதக்கம் வந்தது.

அச்சகக் குப்பையில் அந்த நாட்டு முத்திரையோடு ஒரு காலி டின் சோதனைக்கு வந்த அதிகாரிகளிடம் அகப்பட்டபோது நிதானமாக யோசித்தேன். லாரி ஓட்ட ஆயிரம் பேர் கிடைப்பார்கள், முதலை வரைய? யார் கொண்டுவந்தது என்று கேட்டார்கள். அவர் பெயரைச் சொன்னேன். அதில் பொய் இல்லை. உள்ளூர்ச் சரக்கு என்று சொல்லி எங்களை ஏமாற்றினார் என்று மட்டும் சேர்த்துக்கொண்டேன்.

தங்கை வந்து காலில் விழுந்தாள். "அண்ணா, வாங்கிவரச் சொன்னது நீதான்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். உனக்கு வேலைதான் போகும். அவருக்கு உயிரே போயிடும்." சாப்பிட்டாயா என்று கேட்டேன். அழுகிறவளிடம் நியாயம் பேசக் கூடாது. அவரோ விசாரணையில் கடைசிவரை என் பெயரைச் சொல்லவில்லை. அதை அவருடைய சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

'நாட்டை விற்றவன்' என்று அவர் முகத்தைப் போடச் சொன்னார்கள். புகைப்படம் கொடுத்தார்கள், எனக்குத் தேவைப்படவில்லை. ஊரெல்லாம் ஒட்டிய பிறகு அவரை ஜாமீனில் விட்டார்கள். லாரி நிறுத்தத்தில் கூட்டம் பார்த்துவிட்டது. யாரும் இரண்டாவது முறை உற்றுப்பார்க்க வேண்டியிருக்கவில்லை, சாயல் அப்படி விழுந்திருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரைகூட உயிர் தாங்கவில்லை.

இப்போது இரண்டு நாடும் கைகுலுக்கிக்கொண்டன. அந்த மை முக்குக் கடையிலேயே கிடைக்கிறது. அதனால் நீங்களும் கேட்கிறீர்கள், நானும் சொல்கிறேன். வாங்கிவரச் சொன்னதும் நான், காட்டிக்கொடுத்ததும் நான்.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அந்த முகத்துக்கு உள்ளூர் மையே போதும், நாலு வாரம் நின்றால் சரி என்றுதான் மேலதிகாரி சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் கொண்டுவந்ததில் ஒரு டின்னை எனக்கென்று ஒளித்து வைத்திருந்தேன், அதைத்தான் உடைத்தேன். முதலைகளெல்லாம் கிழிந்து போயின. அந்த முகம் இன்னும் மழைக்கும் வெயிலுக்கும் அசையவில்லை. தங்கை அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டுதான் காய்கறி வாங்கப் போகிறாள்.

சொந்த மாப்பிள்ளைக்கு மட்டமான மையைப் போட முடியுமா, ஐயா?