மலையாண்டி ஐயா மதகடியில் நிறுத்திய டிரிப்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் சைக்கிள் குழுத் தலைவர் மரியசெல்வம் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மலையாண்டி ஐயாவின் துணைவியார் சொர்ணம் அம்மா அவர்களே, கீரமங்கலம் பூச்சந்தை நண்பர்களே, அங்கன்வாடிச் சகோதரிகளே, தெருவோரம் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பந்தலுக்குள் வந்திருக்கும் அத்தனை பேருக்கும் என் வணக்கம்.

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உரையைச் சாயங்காலமே அனுப்பிவிடுகிறேன் என்று தலைவரிடம் சொல்லியிருந்தேன். ஊரடங்கி இவ்வளவு நேரமான பிறகுதான் எழுதுகிறேன். என் மகளுக்கு அம்மை போட்டிருக்கிறது. அரிப்பில் அவள் கை முகத்துக்குப் போகும்போதெல்லாம் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு கையில் அவள் கை, மறு கையில் போன். அம்மை கண்ட வீட்டிலிருந்து துக்க வீட்டுக்கு வரக் கூடாது என்பதால் என் தோழி சரண்யா எனக்காக இதை வாசிக்கிறாள். சரண்யா, நிறுத்தி நிறுத்தி வாசி. நீ வேகமாக வாசிப்பாய்.

என் பெயர் கலைமதி. இங்கே இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். பெயர் தெரியாதவர்களுக்கும் இப்போது என்னைத் தெரிந்திருக்கும். மலையாண்டி ஐயா கடைசியாக ஓட்டியது என் சைக்கிளைத்தான்.

யார் இந்த மலையாண்டி ஐயா? பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் சாய்வு நாற்காலி வாங்குவார்கள். இவர் வெல்டிங் மெஷின் வாங்கினார். கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு, "வீட்டுல கெடக்குற பழைய சைக்கிள எடுத்துக்கிட்டு வாங்க" என்று ஊரெல்லாம் சொன்னார். எந்தப் பழைய சைக்கிள்? பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்தார்களே, படிப்பு முடிந்ததும் மாட்டுக் கொட்டகையில் சாத்தி அதன்மேல் சாக்கைக் காயப்போட்டோமே, அந்தச் சைக்கிள்தான். அதை அறுத்தார், ஒட்டினார், ஹேண்டில்பாரை உயர்த்தினார், கேரியரைத் தாழ்த்தினார், பின்சக்கரத்தின் பற்சக்கரத்தை மாற்றினார். அன்றைக்குப் புத்தகப் பையோடு ஓட்டிய வண்டியை இன்றைக்குப் பிள்ளையோடும் சாப்பாட்டுக் கூடையோடும் ஓட்ட முடியுமா என்று யோசித்துப் பார்த்தவர் நம்மில் யார்?

"ஆளு மாறியாச்சு, சொம மாறியாச்சு. வண்டி மட்டும் அப்புடியே இருந்தா எப்புடித்தா?" என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அவரை அடக்கமானவர் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் யாராவது சொல்லியிருந்தால், தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். இந்த ஜில்லாவில் தன்னை மாதிரி கியர் போட ஆள் கிடையாது என்று தினம் ஒரு தடவையாவது சொல்லிக்கொண்டவர் அவர். சைக்கிளில் கியரே இல்லையே ஐயா என்றால், "அதான் எனக்குப் பெரிய கஷ்டமா இருக்கு" என்பார். பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி வந்தவர்களைப் பற்றியும் அவரே சொல்வார். "எத்தன பேர கண்ணாடியில பாத்துக்கிட்டே விட்டுட்டுப் போயிருக்கேன் தெரியுமா? டைமிங் அப்புடி. அவுகளத்தான் இப்பத் தேடிக்கிட்டு இருக்கேன்."

அந்த ஓட்டுநர் புத்திதான் அவருடைய சட்டத்தையும் உண்டாக்கியது. வண்டி தயாரானதும் கொடுத்துவிட மாட்டார். "டிரிப் எடுக்கணும்" என்பார். வண்டிக்காரர் வீட்டு வாசலிலிருந்து வேலை பார்க்கும் இடம் வரைக்கும், அவர் கிளம்புகிற அதே வேளையில், அவர் சுமக்கிற அதே சுமையோடு ஐயா ஓட்டிப் போவார். போய்ச் சேர்ந்து, இறங்கி, "ஓகே" என்று சொன்னால்தான் வண்டி நம்முடையது. சொந்தக்காரர் அந்த டிரிப்பை ஓட்டக் கூடாது.

ஏன் கூடாது? இதற்காக நான் அவரோடு சண்டையே போட்டிருக்கிறேன்.

"சொந்தக்காரங்க வண்டியோட தப்ப மன்னிச்சிருவாங்கத்தா. ஹேண்டில்பாரு அங்கிட்டு இழுத்தா நீ இங்கிட்டு ஒடம்ப வளைச்சு ஓட்டிப் பழகிருவ. ஒரு மாசம் கழிச்சு இடுப்பு வலிக்குதும்ப. வேத்தாளு ஏறுனாத்தான் எரிச்சல் வரும். அந்த எரிச்சல்தான் எனக்கு வேணும்."

பூ விற்கும் செவந்தி அக்கா இங்கேதான் இருப்பார். அவர் வண்டிக்கு முன்னால் கூடை வைக்கும் கேரியர் போட்டபோது, ஐயா கூடையில் செங்கல்லை அடுக்கி ஓட்டிப் பார்த்தார். பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார். "செங்கல்லு ஆடாது. பூக்கூட காத்துக்கு ஆடும். பூவையே வைய்யி" என்றார். நிஜப் பூக்கூடையோடு சந்தை வழியாகப் போனவரை நீங்கள் சும்மா விட்டீர்களா?

"என்ன டிரைவரய்யா, பென்சன் பத்தலையா?"

"பத்தல. ஒனக்கு ரெண்டு மொழம் வேணுமா வேணாமா?"

சொன்னதோடு விட்டிருக்கலாம். இறங்கி, தன் நீளக் கையால் அளந்தும் கொடுத்துவிட்டார். வழியெல்லாம் ஆள் கூடிவிட்டது. கூடை பாதியாகி வந்ததைப் பார்த்த செவந்தி அக்கா, "ஒங்க கைக்கு ஒரு மொழம்னா என் கைக்கு ஒன்றரைங்க. இனிமே எல்லாரும் டிரைவரு கையி வேணும்னு கேப்பாக, நான் எங்க போறது?" என்று போட்ட சத்தம் இந்தத் தெருவுக்கே கேட்டது. வண்டி எப்படி என்று கேட்க அவருக்கு நேரமே இல்லை. ஐயாதான் ஓரமாக நின்று, "வண்டி ஓகே" என்று சொல்லிவிட்டு நழுவினார்.

தலைவர் அவர்களே, உங்கள் கதையையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு மழை நாளில், டிரிப் எடுக்காத வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பப் பார்த்தீர்கள். வேலைக்கு நேரமாகிறது என்று கெஞ்சினீர்கள். சக்கரத்தைத் தூணோடு சேர்த்துச் சங்கிலி போட்டுவிட்டு ஐயா சொன்னது நினைவிருக்கிறதா? "அவசரம்னா பஸ்ஸுல போங்க. இப்ப நான் ஓட்டலையே, நிக்கும்." பல நாள் நீங்கள் அவரோடு பேசவில்லை. பிறகு டிரிப்பில், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கில் விரிசல் தெரிந்தது. அதன் பிறகு நீங்கள் பேசாமல் இருந்த நாளே இல்லை.

இனி என் வண்டி.

எங்கள் ஊரிலிருந்து காலையில் இங்கே வரும் பஸ் என் மகளின் பள்ளி திறப்பதற்கு வெகு நேரம் முன்னால் வரும். அடுத்தது, மணி அடித்த பிறகு வரும். என் கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். எனக்கோ ஸ்கூட்டி என்றால் பயம், என்னைவிட வேகமாகப் போகிற எதன்மேலும் பிள்ளையை உட்கார வைக்க எனக்கு மனம் வராது. சைக்கிள்தான் வழி என்று ஐயாவிடம் போனேன். போய், கேள்வி கேட்டே அவரைக் கொன்றேன் என்று எழுத வந்தேன். இப்போது அந்த வார்த்தையை எழுதக் கை கூசுகிறது. கேட்டுக்கொண்டே இருந்தேன். கால் சக்கரத்துக்குள் போய்விடாதா? இவள் தூங்கிச் சாய்ந்தால்? ஸ்டாண்டு போட்டு ஏற்றும்போது வண்டி சரிந்தால்? ஒவ்வொரு கேள்விக்கும் அவர் வாயால் பதில் சொல்லவில்லை. காலுக்குத் தகரத் தடுப்பு வைத்தார். தோளுக்குப் பெல்ட் தைத்தார். அகலக் கால் வைத்த டபுள் ஸ்டாண்டு ஒன்றை வளைத்தார். ஒரு கேள்விக்கு மட்டும், "டிரிப்புல பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்றார். நாங்கள் வரும் வழியில் மதகு தாண்டியதும் மெயின் ரோடு வரைக்கும் ஓர் இறக்கம் இருக்கிறது. கீழே லாரி திரும்பும் இடம். அங்கே பிரேக் நிற்குமா என்பதுதான் அந்தக் கேள்வி.

டிரிப் அன்று காலையில் எங்கள் வாசலுக்கு வந்தார். என் மகளின் எடைக்கு அரிசி மூட்டை கட்டி, குழந்தை சீட்டில் வைத்து, பெல்ட்டை மாட்டினார். என் மகள் ஓடிப்போய்த் தன் தொப்பியை எடுத்துவந்து மூட்டைக்குப் போட்டுவிட்டாள். ஐயா சிரிக்கவில்லை. மூட்டையைப் பார்த்து, "கைய வெளிய நீட்டாத பாப்பா. தாத்தா ஸ்பீடா போவேன்" என்றார். தெரு முனை திரும்புகிற வரைக்கும் அரிசி மூட்டையோடு பேசிக்கொண்டே போனது எனக்குக் கேட்டது. போய்ச் சேர்ந்ததும் போன் செய்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

போன் வந்தது. அவர் குரல் இல்லை.

டிராக்டரில் வந்தவர்கள்தான் பார்த்திருக்கிறார்கள். ஐயா மதகுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதன் பிறகு ஊர் சொன்னதெல்லாம் உங்கள் காதுக்கும் வந்திருக்கும். "பழைய இரும்பு, காவு வாங்கிருச்சு" என்றார்கள். "அந்தப் புள்ளைக்கு வண்டி செய்யப் போயித்தான்" என்றார்கள். என் மகளுக்கு அம்மை போட்டதும் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். "அந்த வண்டிய இரும்புக் கடையில போட்டுடு. இனிமே அதுல ஏறாத" என்று என் கணவரும் போனில் சொல்லிவிட்டார். நானும் படித்தவள்தான். ஆனாலும் கண்ணை மூடினால் அந்த இறக்கம்தான் வருகிறது.

அன்புள்ளவர்களே, ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். மதகடியில் அந்த வண்டி எப்படி இருந்தது? கீழே விழுந்து கிடந்ததா? இல்லை. ரோட்டை விட்டு ஓரமாக, டபுள் ஸ்டாண்டில் நேராக நின்றிருந்தது. மூட்டை சாயவில்லை. தொப்பிகூட நழுவவில்லை. நெஞ்சில் வலி வந்த மனிதர், முதலில் பிள்ளையைப் பத்திரமாக நிறுத்திவிட்டு, அதன் பிறகு போய் உட்கார்ந்திருக்கிறார். அது அரிசி என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். அப்படியும் நிறுத்திவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

இதை நான் சொந்த அறிவால் கண்டுபிடிக்கவில்லை. டிராக்டர்காரர்களிடம் கேட்டுச் சொர்ணம் அம்மா சொன்னது. என் வண்டியைத் திட்டுவார், என்னைத் திட்டுவார் என்று பயந்துகொண்டேதான் அவரிடம் போனில் பேசினேன். வண்டி நின்ற விதத்தைச் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டார்.

"ஏத்தா கலைமதி, புள்ளைக்கு அம்மைத் தண்ணி ஊத்தியாச்சா?"

"ஒரு தண்ணி ஊத்தியாச்சு அம்மா. இன்னும் ரெண்டு இருக்கு."

"ஒன் வண்டி கொல்லையில நிக்கிது. நான் மூட்டைய அவுக்கல."

"ஏம்மா?"

"டிரிப்பு முடியலல்ல. பாதியில ஆள எறக்கி விட்டா அந்த மனுசனுக்குக் கோவம் வராது? ஆனா வெரசா யாராச்சும் ஓட்டச் சொல்லு. அரிசில வண்டு விழுந்துச்சுன்னா அதுக்கும் என்னையத்தான் வைவாரு."

அழுதுகொண்டிருந்த நான் அப்போது சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன்னால் நான் ஒன்று சொல்கிறேன். நீங்கள் உட்கார்ந்திருக்கும் பந்தலுக்குப் பின்னால், கொட்டகையில், என் வண்டியோடு இன்னும் நான்கு வண்டிகள் முடிந்து நிற்கின்றன. ஒன்றுக்கும் டிரிப் எடுக்கவில்லை. எடுக்காமல் வாங்கிப் போவோமா? எடுத்துப் போய் ஒரு மாதம் கழித்து இடுப்பு வலிக்கிறது என்போமா? தலைவர் வண்டியின் போர்க் விரிசலை மறந்துவிட்டோமா? அவரைப் போல வெல்டிங் வைக்க நமக்குத் தெரியாது. அவரைப் போல வேறொருவர் வண்டியில் ஏறி எரிச்சல் படத் தெரியாதா? ஒருவர் வண்டியை இன்னொருவர், அவர் பாதையில், அவர் சுமையோடு ஓட்டுவோம். புவனேஸ்வரி அக்கா அங்கன்வாடிக்கு முட்டை கொண்டுபோகும் வண்டி அங்கே நிற்கிறது. அந்த டிரிப்பை நான் எடுக்கிறேன். முட்டை உடைந்தால் உடைந்தது என்று சொல்வேன். இது நான் மலையாண்டி ஐயாவுக்குக் கொடுக்கும் வாக்கு.

என் வண்டியை நான் ஓட்ட முடியாது. அது அவர் சட்டம். ஓட்டினால் பயத்தில் எல்லாவற்றையும் தப்பு என்பேன், அல்லது ஆசையில் எல்லாவற்றையும் மன்னித்துவிடுவேன். அவர் விட்ட இடம் மதகு. அங்கிருந்து இறக்கம், இறக்கத்தின் அடியில் மெயின் ரோடு, அதன் பிறகு பள்ளிக்கூடம், என் மையம். அந்த மிச்சத்தை மூட்டையோடு யாராவது ஒருவர் ஓட்டித் தர வேண்டும். இறக்கத்தில் பிரேக் நிற்கவில்லை என்றால் நிற்கவில்லை என்று என் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். நின்றால், ஓகே என்று சொன்னால் போதும். நான் ஏற்றிக்கொண்டு போவேன். என் கணவரிடமும் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லப் போகிறேன்.

மூன்றாவது தண்ணீர் ஊற்றியதும் என் மகள் பள்ளிக்கூடம் போக வேண்டும், நான் வேலைக்குப் போக வேண்டும். தூங்காமல் விழித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்க்கிறேன், யார் வருவார்கள் என்று. சரண்யா இதை மடித்து வைத்ததும் அவளிடம் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். கூட்டத்தில் சொல்லக் கூச்சமாக இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள், எந்த நேரமானாலும் எடுப்பேன். அரிசியில் வண்டு விழுவதற்குள் பதில் சொல்லுங்கள்.