ஒற்றை விரலில் ஓடிய லாரி

எனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. இருந்தும் ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் லாரி ஓட்டினேன், கணினி விளையாட்டில். அந்த விளையாட்டை விற்கும் கம்பெனியில்தான் எனக்கு வேலை. ஆட்டக்காரர்களில் ஒருவனாகப் பழகி, அவர்கள் பேசுவதை மேலே சொல்ல வேண்டும். நான் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. வீட்டில் என்னோடு பேச ஆளில்லை. சம்பளம் கொடுத்துப் பேசச் சொன்னால் கசக்குமா?

சில ஆட்டக்காரர்கள் தாங்களாகவே புதுச் சாலைகளும் வண்டிகளும் செய்து விளையாட்டில் சேர்த்து, மற்றவர்களுக்கும் இலவசமாகத் தருவார்கள். அதற்கு மாட் என்று பெயர். அவர்களில் ஒருவர் எலக்ட்ரீஷியன். எல்லாருக்கும் வயர்மேன் அண்ணன். அவர் தம்பி நிஜ லாரி ஓட்டியவர். விபத்துக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே ஆள்காட்டி விரல் ஒன்றுதான் அசைந்தது. அந்த ஒரு விரலாலேயே ஓட்டும்படி அண்ணன் ஒரு மாட் செய்து கொடுத்தார். தம்பி மறுபடி வண்டி எடுத்தார். நாங்கள் வரிசையாகப் பின்னால் போவோம். வளைவு வந்தால் "பாத்து வாங்கப்பா" என்பார். எப்போதும் கடைசி வண்டி என்னுடையது என்பதால் எனக்குக் கிளீனர் என்று பெயர் வைத்தார்கள். வேறெங்கும் எனக்குப் பட்டப்பெயர் இருந்ததில்லை.

பிறகு கம்பெனி புது விளையாட்டைக் கொண்டுவந்தது. பழையதே இத்தனை ஜோராக ஓடினால் புதியதை யார் வாங்குவார்கள்? மாட் எதுவும் வேலை செய்யாதபடி பழையதற்கு ஓர் அப்டேட் தயாரானது. ஆனால் மாட்காரர்கள் விவரமானவர்கள். ஒருவர் முதலில் தன் கணினியில் போட்டுப் பார்த்து, 'போட்டுக்கலாம்' என்று குழுவில் எழுதினால்தான் மற்றவர்கள் தொடுவார்கள். போட்டபின் பழையபடி மாற்ற வழியில்லை. முதலில் போட்டுப் பார்க்கும் அந்த ஒருவன் நான்தான்.

எங்கள் மேலாளரைக் குறை சொல்ல மாட்டேன். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அந்த ஒத்த விரல் மாட் மட்டும் ஓடட்டும்னு விட்டுடலாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்கு முந்தைய ஞாயிறுதான் வயர்மேன் அண்ணன் என்னிடம், "தம்பிக்கு இப்ப நெறைய பேர் பழக்கமாயிட்டாங்க. நீங்க வாராவாரம் சிரமப்பட்டு வரணும்னு இல்ல கிளீனரே," என்றிருந்தார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மேலாளரிடம் விதிவிலக்கு எதுவும் வேண்டாம் என்றேன். குழுவில் 'போட்டுக்கலாம்' என்று எழுதினேன். வயர்மேன் அண்ணன் மட்டும் போன் செய்தார்.

"தம்பியோடதுலயும் போடலாமா? அவனுக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

"தைரியமா போடுங்கண்ணே," என்றேன்.

தம்பி இப்போது யாரோடும் பேசுவதில்லையாம். ஊட்டப் போனால் வாயைத் திறப்பதில்லையாம். சரிசெய்ய ஏதாவது வழி உண்டா என்று அண்ணன் காலையில் ஒருமுறையும் வேலை முடிந்து ஒருமுறையும் என்னைக் கேட்கிறார். குழுவில் மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். நான் ஒவ்வொரு முறையும் உடனே பதில் எழுதுகிறேன், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று. கஷ்டகாலத்தில் கூட நிற்க அவர்களுக்கும் ஒரு மனுஷன் வேண்டாமா?