கொப்புளத்துக்கு எந்த டேட்டாபேஸ்

மாலை 4.10-க்குக் காட்டெருமை ஒன்று குறுக்கே வர, குன்னூர் பஸ் கிறீச்சிட்டு நின்றது. நான் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்தபடி எருமையையே பார்த்திருந்தேன். பின்சீட்டில் இருந்த கல்லூரிப் பெண்கள் இருவருக்கோ வேறு கவலை.

"தேயிலைக் கொப்புள நோய்க்கு எந்த டேட்டாபேஸ்ல தேடுனே?"

"மருத்துவத்துல. கொப்புளம்னு போட்டதும் கட்டுரையா கொட்டுச்சுடி."

"அடிப்பாவி, அது மனுசன் கால் கொப்புளம். விவசாய டேட்டாபேஸ்லயில்ல தேடோணும்?"

"சிகிச்சைய அப்படியே எழுதி மேடத்துக்கு அனுப்பிட்டேனே. இன்டர்னல் மார்க் போச்சு."

இருவருக்கும் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

அப்போது பின்னால் நின்ற காரிலிருந்து, எருமை நகர்ந்ததா என்று பார்க்க ஓர் அம்மாள் இறங்கி வந்தார். சன்னலில் அவர்களைக் கண்டதும் நின்றார்.

"மேடம்..." என்றாள் எழுதி அனுப்பியவள், விக்கலோடு.

"நாளைக்கு வேற கட்டுரை எழுதிக் குடும்மா. தேயிலைச் செடிக்கெல்லாம் சாக்ஸ் மாட்டிவிட எஸ்டேட்ல ஆள் பத்தாது."