ஐஸ் ரூம் கோட்டு

— கழட்டும்மா அந்தக் கோட்டை.

— எதுக்குண்ணே? எனக்குக் குளிருது.

— ஐஸ் ரூமை விட்டு வந்து எவ்வளவு நேரமாச்சு! வெயில்ல நிக்கிறே, நெத்தியில வேர்த்து வடியுது. இன்னும் என்ன குளிரு உனக்கு?

— குளிருதுன்னா குளிருது. வழிய விடுங்க, பொம்பளைங்க எல்லாம் பாக்குறாங்க.

— பாக்கட்டும். நேத்து வரைக்கும் அவங்களோட உக்காந்து மீன் பிரிச்சவதானே நீ? காலையில திடுதிப்புனு ஐஸ் ரூமுக்குள்ள வந்து நின்னே. கேட்டா, சூப்பர்வைசர் வேலை பழகிக்கச் சொன்னார்ங்குறே. சரின்னு நானும் சொல்லிக் குடுத்தேன். பெட்டியை எப்படி அடுக்கணும், எந்த வரிசை முதல்ல வெளிய போகணும், கதவு சிக்கிக்கிட்டா எந்தக் கம்பியைத் தட்டணும்... ஏதாவது மறைச்சேனா?

— நீங்க ஒண்ணும் மறைக்கல.

— அப்ப நீ மறைக்கிறே. வருசக்கணக்கா கேட்டும் பொம்பளைங்களுக்கு ஒரு கோட்டு தந்ததில்ல. உனக்கு மட்டும் எப்படிக் கிடைச்சது?

— குடுத்தாங்க, போட்டுக்கிட்டேன்.

— சும்மாவா குடுப்பாங்க?

— அண்ணே, வாயை அடக்கிப் பேசுங்க. எனக்கும் வீட்டுல ஒருத்தர் இருக்கார்.

— சீச்சீ, நான் அந்த அர்த்தத்துல கேக்கல. போன மாசத்துலேருந்து பெட்டியில மீன் குறையுது. அந்தக் கோட்டுக்குள்ள என்னத்தை வச்சாலும் வெளிய தெரியாது.

— ஆமா, திமிங்கலம் வச்சிருக்கேன். போதுமா?

— சிரிக்காதே. என் கோட்டைத் துவைக்கணும்னு சனிக்கிழமை வாங்கிட்டுப் போனாங்க, இன்னும் வரல. பையனோட ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டு, பல்லு தந்தியடிக்க உள்ள நிக்கிறேன். இன்னிக்குத்தான் உள்ள வந்தவ நீ, மகாராணி மாதிரி கோட்டும் கையுமா... ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கிறே?

— ஒண்ணும் இல்ல. உங்களுக்கு ஏன்ண்ணே இந்தப் போலீஸ் வேலை? மீன் குறைஞ்சா வாட்ச்மேன் பாத்துக்கட்டும்.

— எனக்கு ஏனா? ஐஸ் ரூம்ல ஒரு ஆளைக் குறைக்கப் போறாங்கன்னு பேச்சு அடிபடுது. திருட்டை நானே பிடிச்சுக் குடுத்தா என் மேல கை வைப்பாங்களா? இந்த விரலைப் பாரு. மரத்துப் போயி சட்டைப் பித்தான்கூடப் போட வராது. வெளிய போனா எவன் சேர்ப்பான் என்னை?

— உங்க இடம் நிலைக்கணும்னு என் பொழைப்பைத் தூக்கிக் குடுப்பீங்களா?

— மடியில ஒண்ணுமில்லாதவ ஏன் பயப்படுறே? கழட்டிக் காட்டு.

— மாட்டேன். உங்களுக்காகத்தான் சொல்றேன், விட்டுடுங்க.

— எனக்காகவா! இது என்ன புதுக் கதை? முதலாளிகிட்டப் போனா ஒரு நிமிசத்துல தெரிஞ்சிடும்.

— அவர் மேல அவ்வளவு நம்பிக்கையா?

— இல்லாமலா? கோட்டு வேணும், ஆம்பளைக்குச் சமமா கூலி வேணும்னு நீங்க எல்லாரும் ஆபீஸ் வாசல்ல நின்னீங்களே, அன்னிக்கு அவர் யாரைக் கூப்பிட்டு யோசனை கேட்டார்? என்னை. நாற்காலி போட்டு உக்கார வச்சுக் கேட்டார்.

— என்ன சொன்னீங்க?

— உள்ளதைச் சொன்னேன். பொம்பளைக்குப் பாதி போதும்னேன். ஐஸ் ரூமுக்குள்ள அவங்களால நிக்க முடியுமான்னேன்.

— இன்னிக்கு நின்னேனே.

— கோட்டு இருந்துச்சு, நின்னே. பேச்சை மாத்தாதே. வாட்ச்மேன்! யோவ் வாட்ச்மேன்!

— ஐயோ, கத்தாதீங்க! இந்தாங்க, பிடிங்க. உதறிப் பாத்துக்குங்க.

— இந்தப் பையில கைக்குட்டை. இதுல... ஒண்ணும் இல்ல. கை ரெண்டையும் ஏன் உள்ள மடிச்சுத் தைச்சிருக்கு?

— எனக்கு நீளமா இருந்துச்சு. சூப்பர்வைசர்தான் தைக்கக் குடுத்தார்.

— மீனும் இல்ல, மண்ணும் இல்ல. அப்புறம் எதுக்கு இவ்வளவு அடம் பிடிச்சே? இரு... காலருக்குள்ள என்ன இது? சிவப்பு நூலு. பதினேழு. ஏம்மா, இது என் நம்பரு! என் சம்சாரம் தைச்சது!

— அதுக்குத்தாண்ணே கழட்டலை.

— துவைக்கப் போன இடத்துல மாறியிருக்கும். சூப்பர்வைசர்கிட்டச் சொன்னா...

— அவர்தாண்ணே எடுத்துக் குடுத்தார். நாளையிலேருந்து உள்ள நீங்க இல்ல, நான். சாயந்திரம் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி வாயைத் திறந்தா என்னையும் அனுப்பிடுவேன்னார்.

— என்னையா? என்னையா அனுப்புறாங்க? என் வேலையில என்ன குறையைக் கண்டாங்களாம்?

— உங்க வேலையில ஒரு குறையும் இல்லண்ணே. பொம்பளைக்குப் பாதி போதும்னு நீங்கதானே சொன்னீங்க? அந்தப் பாதிக் கூலிக்குத்தான் என்னைப் பிடிச்சு உள்ள நிறுத்தியிருக்காங்க.