மரங்களுக்கு அங்கால

கல்வெட்டு எழுதுவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. எங்கள் ஆட்களில் யாராவது இறந்துவிட்டால் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டோடு வீட்டுக்கு வீடு கொடுக்கும் அந்த நினைவுப் புத்தகத்தைத்தான் சொல்கிறேன். அட்டையில் படம், உள்ளே தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு. லண்டனில் வெம்பிளியிலும் ஹரோவிலும் இதுவரை அறுபத்திரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் பாதிப் பேருக்கு வாழ்க்கையும் இல்லை, வரலாறும் இல்லை. இருந்தும் நாலு பக்கம் வரப் பண்ணிவிடுவேன்.

ஆரணனுடையதையும் என்னிடமே கேட்டார்கள். அவனுடைய மனைவி துசியந்தி நேரில் வந்தாள். கடைசி நேரத்தில் அவனோடு இருந்தது நான்தான், அதனால் நான் எழுதினால்தான் அவனுடைய ஆத்மா சாந்தியடையும் என்றாள். எழுதிக் கொடுத்தேன். கனடாவில் உறைந்த ஏரியொன்றில் மீன் பிடிக்கப் போன இடத்தில் ஐஸ் உடைந்து காலமானார் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. கனடாப் பொலிசும் அப்படித்தான் எழுதி முடித்திருக்கிறது. அச்சகத்துக்குப் போகாத மிச்சம் இது. நிதானமாக வாசிக்கிற எவருக்கும் என் பக்கத்து நியாயம் விளங்கும் என்பதால், இது யார் கையில் போனாலும் எனக்குப் பெரிய கவலையில்லை.

முதலில் ஆரணன் எப்படிப்பட்டவன் என்று சொல்ல வேண்டும். ஈலிங் ரோட்டில் ஞாயிறு காலையில் ஒரு வாகனமும் இருக்காது. ஆனாலும் பாதசாரிக் கடவையில் பச்சை மனிதன் விளக்கு எரியும்வரை நிற்பான். கடையில் வரிசைக்குக் கோடு போட்டிருந்தால் அதற்கு ஓரடி பின்னால் நிற்பான். ரயில் மேடையில் மஞ்சள் கோட்டைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொள்வான். நாற்பத்தாறு வயது ஆம்பிளை. அவனோடு வெளியே போவதே எனக்கு வெட்கமாக இருக்கும்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது என்னைவிட நன்றாக ஒருவருக்கும் தெரியாது. 2008இல் நாங்கள் இருவரும் ஸ்ட்ரெதமில் ஒரு கோழிப்பொரியல் கடைக்கு மேலே ஒரே அறையில் இருந்தோம். நான் மாணவர் விசாவில் கொழும்பிலிருந்து நேரே விமானத்தில் வந்தவன். அவன் எப்படி எப்படியோ வந்தவன். ஊரில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கி, தரையில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். அவனுடைய அண்ணனின் அடையாள அட்டை கை தவறிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்திருக்கிறது. எடுக்க ஒரு கால் வைத்தார், சுட்டார்கள். ஆரணன் கோட்டுக்கு இந்தப் பக்கமே இரண்டு மணித்தியாலம் நின்றானாம். அண்ணனைத் தூக்கவும் விடவில்லையாம். இதை அந்த அறையில் எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அதே வரிசையில், அதே சொற்களில் சொல்வான். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம்.

என் விசா முடிந்தபோது அகதி விண்ணப்பம் போட்டேன். எனக்கென்று சொல்ல ஒரு கதை இருக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒருவரும் சாகவில்லை. அவனுடைய கதையை என் கதையாக எழுதிக் கொடுத்தேன், விசாரணையிலும் அப்படியே சொன்னேன். நன்றாகவும் சொன்னேன். எனக்கு மொழி வரும், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். விசாரித்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாலு மாதத்தில் அகதி அந்தஸ்துக் காகிதம் வந்தது. ஆரணன் பயந்து பயந்து அடுத்த வருடம்தான் விண்ணப்பித்தான். இதே கதை ஏற்கெனவே இன்னொருவருடைய கோப்பில் இருக்கிறது, நீ எங்கோ கேட்டுவிட்டு வந்து சொல்கிறாய் என்று நிராகரித்தார்கள். அப்பீல், அதற்கு மேல் அப்பீல் என்று பதின்மூன்று வருடம் இழுத்தது. அவனுடைய தாய் இறந்தபோதும் போக முடியவில்லை. அந்தப் பதின்மூன்று வருடமும் அவனுடைய படிவங்களை நிரப்பிக் கொடுத்தது நான்தான். ஒரு சதம் வாங்கவில்லை. இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கடைசியில் அவனுக்கும் காகிதம் கிடைத்தது. அதோடு விஷயம் முடிந்திருக்கும். போன கோடையில் வெம்பிளியில் எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர் ஒன்றுகூடல் நடந்தது. நான் தலைவர். தலைமையுரையில் அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக் கதையைச் சொன்னேன். இத்தனை வருடத்தில் அது என்னுடையதாகவே ஆகிவிட்டிருந்தது, உங்களுக்கு அது விளங்குமோ தெரியாது. சபை அழுதது. மூன்றாவது வரிசையில் ஆரணன் இருந்ததை இறங்கி வரும்போதுதான் கண்டேன்.

அந்தக் கோப்பு யாருடையது என்று இப்போது விளங்கியிருக்கும், சண்டை பிடிப்பான் என்று நினைத்தேன். ஒரு மனிதனாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பான். அவன் ஒரு தட்டில் இரண்டு மீன் ரோல்ஸ் வைத்து எனக்கு எடுத்து வந்தான்.

"நல்லாச் சொன்னீங்கள் அண்ணை," என்றான். "எனக்கு இவ்வளவு வடிவாச் சொல்ல வராது. ஒருத்தருக்கெண்டாலும் அது உதவினதுதானே."

குத்தலாகச் சொல்லவில்லை. அவனுக்குக் குத்தல் தெரியாது. மனதாரத்தான் சொன்னான். என்னை மன்னிப்பதற்கு இவன் யார் என்று அன்றிரவு முழுக்க நினைத்தேன். கோடு தாண்டத் தெரியாத ஒரு கோழை, என்னை மேலே நின்று பார்க்கிறான்.

இலையுதிர் காலத்தில் அவன் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கத் தொடங்கினான். பழைய நிராகரிப்பில் அவன் பொய்யன் என்று பதிவாகியிருப்பதால், உண்மையில் என்ன நடந்தது என்று ஒரு கடிதம் வேண்டுமென்று வழக்கறிஞர் கேட்டிருக்கிறார். அதில் என் பெயரை எழுதலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டான். எழுதினால் என்னுடைய பிரஜாவுரிமை, என் மனைவியுடையது, இரண்டு பிள்ளைகளுடையது எல்லாம் கிளறப்படும் என்பது அவனுக்குத் தெரியாது. அவ்வளவு தூரம் அவனுக்கு ஓடாது. கனடாவுக்குப் போய்வந்து பேசுவோம் என்றேன். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எழுதியிருக்க மாட்டான், அது எனக்கும் தெரியும். ஆனால் ஆரணனிடம் போய் நான் கெஞ்சுவதா. நான் அதற்காக இதைச் செய்தேன் என்று யாராவது நினைத்தால் அது தவறு.

கனடாவுக்குப் போனது பெப்ரவரியில், துசியந்தியின் பெறாமகள், அதாவது அவளுடைய சகோதரியின் மகள், ஜதுர்ஷிகாவின் கல்யாணத்துக்கு. ஆரணனுக்கு அதுதான் பயணப் பத்திரத்தோடு முதல் பயணம். அதை பிளாஸ்ரிக் உறையில் போட்டு உள்சட்டைப் பையில் வைத்திருந்தான், தூங்கும்போதும். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் என் தமக்கையின் மகன் சயந்தன் எங்கள் இருவரையும் ஐஸ் மீன்பிடிக்குக் கூட்டிப் போனான். கனடாவில் இருக்கிறவர்களுக்குக் குளிரைக் காட்டிப் பெருமைப்படுவதில் ஒரு தனிச் சந்தோசம். பாதி கனடா, பாதி அமெரிக்கா என்று அந்த ஏரியைப் பற்றி வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தான். உண்மையான எல்லை கரையிலிருந்து இருபது கிலோமீற்றருக்கு அப்பால், கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருக்கிறது. ஆரணன் அமெரிக்கா என்ற சொல்லைக் கேட்ட நேரம் தொட்டே பையைத் தடவத் தொடங்கிவிட்டான். அமெரிக்காவுக்கு அவனிடம் விசா இல்லை.

ஐஸின் மேல் மீன்பிடிக் கொட்டில் வாடகைக்குக் கொடுக்கும் கிழவன் கரையில் எங்களுக்கு அறிவுரை சொன்னான். சயந்தன் அப்போது சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். ஐஸில் வரிசையாகப் பழைய கிறிஸ்மஸ் மரங்கள் குத்தியிருக்கும், அவற்றுக்கு அந்தப் பக்கம்தான் பாதை, அங்கே ஐஸ் ஓரடிக்கு மேல் தடிப்பு. பாதை வளைந்து போகும், ஏனென்றால் நேர்வழியில் ஒரு ஆறு வந்து ஏரியில் விழுகிறது, அங்கே கீழே நீரோட்டம், ஐஸ் மெல்லிசு. என்ன நடந்தாலும் மரங்களுக்கு இந்தப் பக்கம் நடக்காதீர்கள். இவ்வளவுதான். சால்வைக்குள்ளால் சொன்ன அந்த ஆங்கிலம் ஆரணனுக்கு விளங்கவில்லை. லண்டனில் பதினாறு வருடம் இருந்தும் இப்படியான நேரங்களில் அவன் வழக்கமாக என் முகத்தைப் பார்ப்பான், நான் தமிழில் சொல்வேன்.

அந்த மரங்கள்தான் எல்லையாம், அங்கால அமெரிக்காவாம், ஒவ்வொரு மரத்திலும் கமெரா இருக்காம் என்று சொன்னேன். எங்களை ஏற்றிப் போகும் கிழவனுடைய வாகனம் அந்தப் பக்கத்தால்தானே போகும் என்று அவன் கேட்டதற்கு, அதற்குப் பெர்மிட் இருக்கிறது, இறங்கி நடந்தால் பிடிப்பார்கள் என்றேன். அந்த நேரம் அது பகிடி மட்டும்தான். எங்கேயாவது எல்லைக்குக் கிறிஸ்மஸ் மரம் நடுவார்களா, அதுவும் கரையில் எங்கள் கார் நிற்கிற இடத்தில் வந்து முடிகிற மாதிரி. ஒரு நிமிடம் யோசித்தால் யாருக்கும் தெரியும். அவன் யோசிக்கவில்லை. தலையை ஆட்டினான். வாகனம் மரவரிசைக்கு அங்கால போய், அதன் மறுமுனையில் இங்கால இருந்த கொட்டிலுக்கு வந்து சேரும்வரை கண்ணை மூடிக்கொண்டு இருந்தான்.

கொட்டிலுக்குள் தரையில் ஒரு துளை, அதற்குள் ஒரு தூண்டில், சுற்றி இரண்டு கதிரை. இதற்கு ஒரு நாள் வாடகை கொடுக்கிறார்கள். இரண்டு மணித்தியாலத்தில் கைவிரல் நீளத்தில் மூன்று மீன் வந்தது. ஆரணனுக்கு அது பெரிய சந்தோசம். துசியந்திக்குக் காட்டப் படம் எடுத்தான். ஹீற்றரின் காஸ் தீர்ந்ததும், எங்களைப் பார்க்க வந்த கிழவனோடு சயந்தன் வாகனத்தில் கரைக்குப் போனான், ஒரு மணித்தியாலத்தில் வருவதாகச் சொல்லி. அப்போதுதான் ஆரணன் மறுபடி தொடங்கினான்.

"லோயர் திங்கக்கிழமைக்குள்ள கடிதம் கேக்கிறார் அண்ணை. உங்கட பேரை எழுதட்டே? வேண்டாமெண்டா விட்டிடுறன். எனக்குக் காத்திருந்து பழக்கம்தானே."

என் பிறஷர்க் குளிசையைக் காருக்குள் விட்டுவிட்டேன், தலை சுற்றுகிறது என்றேன். குளிசை என் ஜக்கெற் பையில்தான் இருந்தது. அவன் ஒன்றும் கேட்காமல் எழும்பினான். சயந்தன் என்னிடம் விட்டுப் போன கார்த் திறப்பை அவனிடம் கொடுத்தேன். அரை மணித்தியாலத்தில் வந்துவிடுவதாகவும், நான் எழும்பாமல் இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, தன் கம்பளிச் சால்வையைக் கழற்றி என் முழங்காலில் போர்த்திவிட்டுப் போனான்.

கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பகல் ஒரு மணி, நல்ல வெளிச்சம். மரவரிசையைக் கண்டதும் பத்தடி இந்தப் பக்கமாக விலகினான். பிறகு இருபதடி. கமெராவில் விழக்கூடாது என்று நினைத்திருப்பான். கரையில் கார் நேரே தெரிந்தது, அதைப் பார்த்து நேர்வழியில் நடந்தான். பொலிசிடம் நான் இதை எல்லாம் சொன்னேன், மொழிபெயர்ப்பை மட்டும் விட்டுவிட்டு. மரத்தடியால் போ என்று கிழவன் சொன்னதைக் கேட்டும் குறுக்கு வழியில் போய்விட்டான் என்றேன். அவர்கள் அனுதாபமாகத் தலையை ஆட்டினார்கள். வருடத்துக்கு ஒருவராவது இப்படிப் போவார்களாம். நாலு மணிக்கு அவனை எடுத்தார்கள். பயணப் பத்திரம் உறைக்குள் ஈரமில்லாமல் இருந்தது.

பொலிசிடம் சொல்லாதது இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இது முழுமையாகாது.

அவன் ஒரேயடியாக உள்ளே போகவில்லை. முதலில் ஐஸ் ஒரு சத்தம் போட்டது, பலகை பிளக்கிற மாதிரி. அவன் அப்படியே நின்றுவிட்டான். மரங்கள் அவனுக்குப் பக்கத்தில், இருபதடிதான். குளிரில் அந்த வெளியில் குரல் நன்றாகக் கேட்கும். அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"அண்ணை, இஞ்சால ஐஸ் வெடிக்குது. அந்த மரத்தடிக்குப் போகட்டே?"

நான் அவசரப்படவில்லை. அவன் மறுபடி கேட்டான். மறுபடியும் என் முகத்தைத்தான் பார்த்தான்.

"வேண்டாம்," என்றேன். "அங்கால அமெரிக்கா. காலை வைச்சா உன்ர காகிதம் போயிடும். அங்கயே நில்லு."

"ஓம் அண்ணை," என்றான்.

இருபதடி. ஒரு குழந்தை ஓடியிருக்கும். அவன் நின்றான், கையிரண்டையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு, இரண்டு மூன்று நிமிடம். அது அவனாக எடுத்த முடிவு. நான் அவனைத் தொடவே இல்லை.